இருபத்தேழு வரை எண்ணினார்கள்

குற்றாலத்தில் சீசன் தொடங்கிவிட்டால் என் கணவர் வீட்டார் எல்லாரும் ஒரு சனி, ஞாயிறு சேர்ந்து வருவார்கள். ஐந்தருவிக்குப் போகிற வழியில் ஒரு வீட்டை இரண்டு நாளைக்கு வாடகைக்கு எடுப்போம். தென்காசியில் இருக்கிற எங்களுக்கு அருவி பக்கம்தான். வீட்டிலிருந்தே போய்க் குளித்துவிட்டுத் திரும்பிவிடலாம். ஆனால் வருகிறவர்களுக்குச் சமைத்துப் போட ஆள் வேண்டுமே, அதனால் நாங்களும் பை கட்டிக்கொண்டு போவோம்.

அந்த வருடம் வந்தவர்கள் பன்னிரண்டு பேர். காலையில் அருவிக்குப் போய்வந்து, சோறும் மீன்குழம்பும் ஆக்கி, எல்லாரும் சாப்பிட்டு எழுந்த பிறகு நான் சாப்பிட்டேன். பாத்திரங்களைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு ஹாலில் கிடந்த பாயில் சாய்ந்தேன். சாய்ந்தது மட்டும்தான் நினைவில் இருக்கிறது. கண் விழித்தபோது என்னைச் சுற்றி எல்லாரும் உட்கார்ந்து சிரித்துக்கொண்டிருந்தார்கள். என் நாத்தனார் கையில் போன் இருந்தது.

“மைனி, அருவிச் சத்தம் இங்கன வரைக்கும் கேக்குதேன்னு நெனைச்சோம். பாத்தா அது நீங்க!”

எல்லாரும் மறுபடி சிரித்தார்கள். நானும் சிரித்தேன். வேறு என்ன செய்வது? சேலையைச் சரிசெய்துகொண்டு டீ போட எழுந்து போனேன்.

சாயங்காலம் அந்த வீடியோ குடும்பக் குழுவில் வந்தது. என் முகம், திறந்த வாய், தொங்கிய தாடை. மூன்று விநாடிக்கு மேல் என்னால் பார்க்க முடியவில்லை. மூடிவிட்டேன். துபாயில் இருக்கிற கணவரின் தம்பி சிரிக்கிற பொம்மைகளாக வரிசையாக அனுப்பியிருந்தார். என் கணவரும் ஒன்று அனுப்பியிருந்தார்.

என் குறட்டை எங்கள் வீட்டில் புதிய செய்தி இல்லை. அதற்கு ஏழு வருடத்துக்கு முன்பே என் கணவர் தலையணையைத் தூக்கிக்கொண்டு முன்அறைக்குப் போய்விட்டார். போனதோடு விட்டிருந்தால் பரவாயில்லை. வீட்டுக்கு யார் வந்தாலும், “டீச்சர் பகல்ல பிள்ளைகள வெரட்டுதா, ராத்திரி என்னைய வெரட்டுதா” என்று சொல்லிச் சிரிப்பார். அவருக்கும் குறட்டை உண்டு. முன்அறையிலிருந்து அடுக்களை வரைக்கும் கேட்கும். அதைப் பற்றி யாரும் எப்போதும் எதுவும் சொன்னதில்லை. ஆலங்குளத்தில் உரக்கடை வைத்திருக்கிறவர், நாள் முழுக்க நிற்கிறவர், அசதி என்பார்கள். நானும் நாள் முழுக்க நிற்கிறவள்தான்.

நான் பெண்கள் பள்ளியில் கணக்கு டீச்சர். பத்தாம் வகுப்புக்குப் பதினெட்டு வருடம் கணக்கு எடுத்திருக்கிறேன். எழுதத் தெரியாத பிள்ளைகளைக்கூட ஏதோ செய்து தேற வைத்துவிடுவேன் என்று ஒரு பெயர் இருந்தது. அந்தப் பெயர்தான் முதலில் போயிற்று. மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு வருகிற வகுப்பில், கரும்பலகையில் ஒரு கணக்கைப் போட்டுவிட்டு நாற்காலியில் உட்காருவேன். உட்கார்ந்த மாத்திரத்தில் உலகம் அணைந்துவிடும். பிள்ளைகள் சத்தம் போடாமல் இருப்பார்கள். என் மேல் உள்ள மரியாதையால் என்று முதலில் நினைத்தேன். பிறகுதான் தெரிந்தது, நான் எப்போது தூங்குவேன் என்று பந்தயம் கட்டிக்கொண்டிருந்தார்கள்.

ஒருநாள் தலைமையாசிரியை வகுப்புக்குள் வந்து நின்றதே எனக்குத் தெரியவில்லை. மறுநாள் மெமோ வந்தது. வகுப்பில் உறங்கியது ஏன் என்று விளக்கம் கேட்டிருந்தார்கள். நான் ஒன்பது மணிநேரம் படுத்துக் கிடந்துவிட்டு வருகிறவள். எழும்போதே தலை பாறாங்கல்லாக இருக்கும், நாக்கு வறண்டு ஒட்டிக்கொண்டிருக்கும். அதை என்னவென்று விளக்கமாக எழுதுவது? ‘உடல்நலக் குறைவு’ என்று ஒரு வரி எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.

வழக்கமாகப் பார்க்கிற டாக்டரிடம் போனேன். வயதைக் கேட்டார். ஐம்பது என்றேன்.

“எல்லாப் பொம்பளைகளுக்கும் இந்த வயசுல வர்றதுதாம்மா. மனச லேசா வச்சுக்கிடணும். கொஞ்சம் எடையக் குறைங்க.”

தைராய்டு சோதிக்கச் சொன்னார். ரத்த அழுத்தத்துக்கு மாத்திரை தந்தார். நன்றாகத் தூங்கி எழுந்தால் சரியாகிவிடும் என்று ஒரு தூக்க மாத்திரையும் எழுதித் தந்தார். மூன்று மாதம் அதைப் போட்டேன். காலைத் தலைவலி இரண்டு மடங்காயிற்று. கண்ணாடி முன்னால் நின்று பொட்டு வைக்கும்போதே கண் சொருகும்.

அப்படி ஒரு மாதத்தில்தான், பள்ளி விட்டு வரும்போது, குற்றாலம் சாலையில் ஸ்கூட்டரைக் கொண்டுபோய் ஓர் இளநீர் வண்டியில் மோதினேன். வேகம் இல்லை. முழங்கையில் சிராய்ப்பு, அவ்வளவுதான். உருண்டோடிய இளநீர்களைப் பொறுக்கிக்கொண்டே அந்த வண்டிக்காரர் என்னை ஏற இறங்கப் பார்த்தார்.

“டீச்சர், நான் அங்கன இருந்தே பாக்கேன். நீங்க கண்ணத் தொறந்துக்கிட்டே ஒறங்குதீய.”

இத்தனை வருடமாக என்னோடு வாழ்ந்தவர்கள், வேலை பார்த்தவர்கள், மருந்து எழுதித் தந்தவர்கள் ஒருவருக்கும் தோன்றாதது அந்த மனிதருக்கு ஒரு நிமிடத்தில் தெரிந்துவிட்டது.

கோயம்புத்தூரில் வேலை பார்க்கும் என் மகள் சேதி கேட்டு அடுத்த பஸ்ஸில் வந்துவிட்டாள். போனில் தேடிப் படித்திருந்தாள். “அம்மா, இது சாதாரணக் குறட்டை இல்ல. திருநெல்வேலியில நுரையீரல் டாக்டர் ஒருத்தர்ட்ட நேரம் வாங்கியிருக்கேன். அப்பா, நீங்களும் வரணும். ராத்திரி எப்படித் தூங்குறாங்கன்னு கூட இருக்கவங்களத்தான் கேப்பாங்களாம்” என்றாள். கணவர் முணுமுணுத்துக்கொண்டே வந்தார்.

டாக்டர் நடுவயதுக்காரர். என் கழுத்தை நாடா வைத்து அளந்தார், வாயைத் திறக்கச் சொல்லி டார்ச் அடித்துப் பார்த்தார். தூக்க மாத்திரையைப் பற்றிச் சொன்னதும் எழுதிக்கொண்டிருந்த பேனாவைக் கீழே வைத்துவிட்டார். அதை எப்படிக் குறைத்து நிறுத்துவது என்று தனித்தாளில் எழுதினார். பிறகு என் கணவர் பக்கம் திரும்பினார்.

“தூக்கத்துல இவங்களுக்கு மூச்சு நின்னு நின்னு வர்றதப் பாத்திருக்கீங்களா?”

“அப்படியெல்லாம் ஒண்ணும் கிடையாது சார். சும்மா குறட்டைதான்.”

மகள் தன் போனை எடுத்தாள். “சார், ஒரு வீடியோ இருக்கு” என்று மேசைமேல் வைத்தாள். நான் தடுக்கக் கை நீட்டினேன். அதற்குள் ஓட ஆரம்பித்துவிட்டது.

அன்றைக்குத்தான் அதை முழுதாகப் பார்த்தேன். கேட்டேன் என்று சொல்ல வேண்டும். முதலில் குறட்டை. யாரோ கெக்கலிக்கிறார்கள். பிறகு குறட்டை சட்டென்று நிற்கிறது. என் வயிறு ஏறி இறங்குகிறது, மூக்கிலிருந்து சத்தம் இல்லை. “நின்னுட்டு, நின்னுட்டு! எண்ணுங்க!” என்று நாத்தனார் கிசுகிசுக்கிறாள். ஓர் ஆண்குரல் எண்ணத் தொடங்குகிறது. ஒன்று, இரண்டு, மூன்று. பத்துக்குமேல் மற்றவர்களும் சேர்ந்துகொள்கிறார்கள். இருபதுக்குமேல் சிரிப்பை அடக்க முடியாமல் எண்கள் உடைந்து உடைந்து வருகின்றன. இருபத்தேழில் என் உடம்பு தூக்கிப் போடுகிறது. தண்ணீருக்குள்ளிருந்து வெளியே வந்த மாதிரி ஒரு பெரிய மூச்சை வாரி இழுக்கிறேன். எல்லாரும் கைதட்டுகிறார்கள்.

டாக்டர் சிரிக்கவில்லை. இன்னொரு முறை ஓடவிட்டு, தன் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டார்.

“எண்ணுறது யாரு?”

என் கணவர் தொண்டையைச் செருமினார். “நான்தான் சார்.”

டாக்டர் நாற்காலியை என் பக்கம் திருப்பினார். என்னிடம்தான் பேசினார். தூங்கும்போது தொண்டைச் சதை தளர்ந்து மூச்சுப் பாதையை அடைக்கிறது, மூளை பதறி எழுப்பிவிடுகிறது, மறுபடி தூங்கியதும் மறுபடி அடைக்கிறது என்றார். “நீங்க தூங்கவே இல்லம்மா. ராத்திரி முழுக்க மூச்சுக்குப் போராடிட்டு வேலைக்குப் போறீங்க.” அவர் சொன்னது ஒரு நோயின் விளக்கம். எனக்கோ யாரோ என் பக்கம் சாட்சி சொன்னதுபோல் இருந்தது.

வாடகைக் காரில் திரும்பினோம். ஆலங்குளம் நெருங்கும்போது, கடையில் சரக்கு இறங்குகிறது என்று கணவர் இறங்கத் தயாரானார். இறங்குவதற்குமுன் அவராகவே சொன்னார்.

“நான் வெளையாட்டுக்குத்தான எண்ணுனேன்.”

“தனியா இருக்கும்போது என்னைக்காவது பாத்திருக்கீயளா, நின்னு போறத?”

வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். “நெறைய நாள் பாத்திருக்கேன்.”

“அப்புறம் ஏன் சொல்லல?”

“திரும்ப வந்துருமுல்லா? வந்துக்கிட்டுத்தான இருந்துச்சு.”

கதவைச் சாத்திவிட்டுக் கடைக்குள் போனார். முன்சீட்டில் இருந்த மகள் திரும்பிப் பார்க்கவில்லை. அவள் தோள்கள் குலுங்குவதை மட்டும் பார்த்தேன்.

வீட்டிலேயே ஒரு சோதனை செய்தார்கள். மார்பில் ஒரு பட்டை, விரலில் ஒரு கிளிப், மூக்கில் ஒரு சின்னக் குழாய். மணிக்கு நாற்பத்தொரு முறை மூச்சு தடைப்படுகிறது என்று காகிதம் வந்தது. மூச்சுக் கருவி வேண்டும் என்றார் டாக்டர். ஒரு சின்ன வானொலிப் பெட்டி அளவில் இருக்கும். அதிலிருந்து ஒரு குழாய், அதன் நுனியில் மூக்கை மூடும் மாஸ்க். அழுத்தமாகக் காற்றை அனுப்பி, தொண்டை அடைபடாமல் பிடித்துவைத்துக்கொள்ளும். ஈரப்பதத்துக்காகக் காய்ச்சி வடித்த தண்ணீரை அதன் தொட்டியில் ஊற்ற வேண்டும்.

பழகிப் பார்க்க ஒரு கருவி கொடுத்தார்கள். முதல் மூன்று நாள் மாஸ்க்கைப் பிய்த்து எறிந்தேன். யாரோ முகத்தில் ஊதிக்கொண்டே இருப்பதுபோல் இருந்தது. நான்காம் நாள் காலையில் விழித்தபோது தலை வலிக்கவில்லை. தலை வலிக்காத காலை எப்படி இருக்கும் என்பதை மறந்தே போயிருந்தேன். எழுந்து உட்கார்ந்து, எங்கே வலி என்று தேடினேன். பல வருடங்களுக்குப் பிறகு ஒரு கனவு வந்திருந்தது. அதில் நான் வெறுமனே ஒரு பஸ்ஸுக்காக நின்றுகொண்டிருந்தேன். அதுவே எனக்கு அவ்வளவு சந்தோஷமாக இருந்தது.

கூடவே கோபமும் வந்தது. அதை நான் எதிர்பார்க்கவில்லை. அதுவரை கோபப்படக்கூட எனக்குத் தெம்பு இருந்ததில்லை. தூக்கம் கலைந்த கண்ணோடு வீட்டைப் பார்த்தேன். முன்அறையில் கிடந்த அவர் கட்டில், குடும்பக் குழுவில் வருகிற காலை வணக்கங்கள், மேசை இழுப்பறையில் இருந்த மெமோ, ஒவ்வொன்றும் தெளிவாகத் தெரிந்தது. ஒரு வாரம் யாரிடமும் சரியாகப் பேசவில்லை. “மெசின் மாட்டுனதுல இருந்து மொகம் கொடுக்க மாட்டேங்கா” என்று கணவர் தங்கையிடம் போனில் சொல்லிக்கொண்டிருந்தார்.

அந்தச் சமயத்தில் மகளுக்கு வரன் கூடி வந்தது. மாப்பிள்ளைக்குச் சொந்த ஊர் ராயகிரி, வேலை பெங்களூரில். பெண் பார்க்க வருகிறார்கள் என்றதும் நாத்தனார் வந்து இறங்கினாள். வீட்டைச் சுற்றிப் பார்த்தவள் என் கட்டிலருகே வந்ததும் நின்றுவிட்டாள்.

“மைனி, இதென்ன ஐசியூ மாதிரி வச்சிருக்கீய? பாக்கிறவங்க என்ன நெனைப்பாங்க? தாய்க்கு இருந்தா மகளுக்கும் வரும்னு சொல்லீருவாங்க.”

கணவரும் சேர்ந்துகொண்டார். “திருப்பிக் குடுத்திருவோம். பல்லுல மாட்டுத கிளிப்பு ஒண்ணு இருக்காம்லா. டப்பாக்குள்ள போட்டு மூடி வச்சிரலாம். யாருக்கும் தெரியாது.”

மகள் எனக்காகச் சண்டை போட்டாள். எனக்குத்தான் பயம் வந்துவிட்டது. என்னால் இந்த இடம் தட்டிப்போனால் பிறகு அவளே ஒருநாள் என்னைப் பார்க்கிற பார்வை எப்படி இருக்கும் என்று நினைத்தேன். கருவியைத் திருப்பிக் கொடுத்தோம். இதை நான்தான் செய்தேன். அவர்கள் சொன்னார்கள், நான் செய்தேன்.

தென்காசியில் ஒரு பல் மருத்துவர் அந்தக் கிளிப்பைச் செய்து தருவார் என்றார்கள். இளம் பெண். அறிக்கையைப் படித்துவிட்டு, “உங்க அளவுக்கு இது பத்தாதும்மா. மெஷின்தான் சரி. மெஷினே ஒத்துக்காதவங்களுக்கு, ஒண்ணுமில்லாததுக்கு இது மேல்னு குடுப்போம். உங்களுக்கு ஒத்துக்கலையா?” என்று கேட்டாள்.

“எனக்கு ஒத்துக்கிட்டு. வீட்டுக்குத்தான் ஒத்துக்கல” என்றேன்.

அவள் திருநெல்வேலி டாக்டரிடம் போனில் பேசினாள். அவருக்கு மனமில்லை, சும்மா இருப்பதற்கு இதையாவது மாட்டட்டும் என்றார். களிமண் மாதிரி ஒன்றைத் தட்டில் வைத்து என் பல்வரிசையை அச்சு எடுத்தாள். மேல்பல்லுக்கு ஒன்று, கீழ்ப்பல்லுக்கு ஒன்று என இரண்டு கவசங்கள். பக்கவாட்டில் சின்னத் திருகு. அதைத் திருகத் திருகக் கீழ்த்தாடை முன்னால் இழுபட்டு, நாக்குக்குப் பின்னால் கொஞ்சம் இடம் கிடைக்கும். காலையில் கழற்றும்போது தாடை இரண்டு பக்கமும் வெட்டி வெட்டி வலிக்கும். தலையணை எச்சிலில் நனைந்திருக்கும். அரைமணி நேரத்துக்கு மேல்பல்லும் கீழ்ப்பல்லும் ஒன்றோடொன்று பொருந்தாது. இட்லியைக்கூட ஓரப் பல்லில் வைத்து மெல்லுவேன். குறட்டைச் சத்தம் குறைந்தது. அது போதும் என்று வீட்டில் நிம்மதியானார்கள். மறுபடி சோதித்தபோது மூச்சு நிற்பது பாதிதான் குறைந்திருந்தது. தலைவலி திரும்பி வந்தது.

பெண் பார்த்தார்கள், பிடித்துப்போயிற்று. நிச்சயம், கல்யாணம் எல்லாம் முடிய ஒன்பது மாதம் ஆனது. ஒன்பது மாதமும் அந்தக் கிளிப்தான். அதற்குள் பள்ளியில் இன்னொரு முறை பிடிபட்டேன். சோதனை அறிக்கையை எடுத்துக்கொண்டு தலைமையாசிரியையிடம் போனேன். மேலாக ஒரு பார்வை பார்த்தார்.

“குறட்டைக்கெல்லாம் சர்டிபிகேட்டா டீச்சர்?”

அடுத்த கல்வியாண்டில் பத்தாம் வகுப்பை என்னிடமிருந்து எடுத்துவிட்டார்கள். ஆறாம் வகுப்பும் நூலகப் பொறுப்பும் தந்தார்கள். “உங்களுக்கும் ரெஸ்ட்டா இருக்கும்” என்றார் தலைமையாசிரியை. நன்றி சொல்லிவிட்டு வந்தேன்.

கல்யாணம் முடிந்து சில வாரம் கழித்து மகளும் மாப்பிள்ளையும் ராயகிரிக்கு வந்திருந்தார்கள். நாங்கள் பார்க்கப் போனோம். சாப்பிட்டுவிட்டுக் கை கழுவ உள்ளே போனபோது, பின்னறைக் கதவு திறந்திருந்தது. கட்டில் தலைமாட்டில் அதே பெட்டி. குழாய் தொங்கிக்கொண்டிருந்தது. மாஸ்க்கைக் கழுவி ஒரு துண்டின் மேல் காயவைத்திருந்தார்கள்.

மாப்பிள்ளையின் அப்பா பின்னாலேயே வந்தவர், என்னைப் பார்த்ததும் பதறிப்போய் அதன்மேல் துண்டைப் போடப் பார்த்தார்.

“மறைக்காதீங்க அண்ணாச்சி, எனக்குத் தெரியும் அது. எத்தனை வருசமா?”

“நாலு வருசம் ஆகுது தங்கச்சி.” குரலைத் தாழ்த்திக்கொண்டார். “நீங்க வீடு பாக்க வந்தன்னைக்குப் பீரோவுக்குள்ள தூக்கி வச்சிட்டோம். நோயாளி வீடுன்னு நெனைச்சிரக் கூடாதேன்னு வீட்ல சொன்னா.”

“எனக்கும் இதுதான். உங்களுக்குத் தெரியக் கூடாதுன்னு திருப்பிக் குடுத்துட்டோம்.”

அவர் வாய்விட்டுச் சிரித்தார். “நல்ல சம்பந்தம் போங்க!” எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவர் மறைத்தது ஒரு மதியப் பொழுது. நாங்கள் கிளம்பியதும் எடுத்துப் பழைய இடத்தில் வைத்திருப்பார்கள். அதற்குள் அவர் மனைவி தண்ணீர் பாட்டிலோடு உள்ளே வந்து, நாங்கள் நிற்பதைக் கண்டு தயங்கி, பிறகு தொட்டியை எடுத்து நிதானமாக நிரப்பி வைத்தார். தினமும் அவர்தான் நிரப்புவாராம்.

திரும்பும்போது கணவரிடம் சொன்னேன்.

“பாத்தியா, அவங்களும் மறைச்சிருக்காங்க. அப்போ நாம மறைச்சதுலயும் தப்பு இல்ல.”

அந்த வாரமே திருநெல்வேலிக்குத் தனியாகப் போய்ப் புதுக் கருவி ஒன்றை வாங்கி வந்தேன். கட்டிலருகே, கதவைத் திறந்ததும் தெரிகிற இடத்தில் வைத்திருக்கிறேன். தண்ணீரை நானே ஊற்றிக்கொள்கிறேன். தலைவலி இல்லை, ரத்த அழுத்தம் இறங்கியிருக்கிறது, ஸ்கூட்டர் ஓட்டுகிறேன். ஓய்வுக்கு இன்னும் சில வருடங்கள் இருக்கின்றன. பத்தாம் வகுப்பை மறுபடி கேட்டுப் பார்த்தேன். அதை இப்போது எடுக்கிறவர் நன்றாகத்தான் எடுக்கிறாராம், மாற்றுவதற்கில்லையாம். கிளிப்பைக் கழற்றி வெகுநாள் ஆகியும் என் முன்பற்கள் பழையபடி பொருந்தவில்லை. கொய்யாவை நறுக்கித்தான் சாப்பிட வேண்டியிருக்கிறது.

கணவரின் குறட்டை இப்போதெல்லாம் நடுநடுவே நிற்கிறது. பகலில் கடை நாற்காலியிலேயே தூங்கிவிடுகிறார் என்று கேள்விப்பட்டேன். மூன்று முறை சொல்லிவிட்டேன், ஒருதரம் சோதித்துப் பார்த்துவிடுங்கள் என்று. “எனக்கென்ன? ஆம்பளைக்குக் குறட்டை இருக்கத்தான் செய்யும்” என்கிறார். மூன்றாம் முறை சொல்லும்போது என் குரலில் அக்கறை இல்லை என்பது எனக்கே கேட்டது. மனைவி என்ற முறையில் சொல்லிவைக்க வேண்டியதைச் சொல்லிவைக்கிற குரல் அது. பிறகு என் அறைக்கு வந்து மாஸ்க்கை மாட்டிக்கொண்டேன். காற்று ஓடத் தொடங்கினால் வெளியிலிருந்து எந்தச் சத்தமும் கேட்பதில்லை.